சாமி தாண்டிய ஓடை

“நீங்கள் எந்தப் பக்கத்து ஆக்கள், பிள்ளை?”

காணி அலுவலகத்திலிருந்து வந்த மங்களேஸ்வரி மிஸ் என்னிடம் கேட்டார். பன்விலவுக்கு மேலே, மாவட்ட எல்லையில் இருக்கிறது எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள். கண்டியில் வீடு கேட்டால் மாத்தளைக்குப் போ என்பார்கள். மாத்தளையில் கேட்டால் கண்டிக்கு. நான் தரையைப் பார்த்தேன்.

“அவ வாயத் தொறக்க மாட்டா மிஸ். அதுலதான் இஸ்கூலும் நின்னுபோச்சு” என்றார் அப்பா. அவர்தான் ஓடைக்கரை முனியாண்டிக்குப் பூசாரி.

மிஸ் பழைய வரைபடத்தின் பிரதியை விரித்தார். ராசா காலத்தில் இந்த ஓடையில் காவல் இருந்ததாம். அனுமதியில்லாமல் ஒருவரும் தாண்ட முடியாதாம். நாட்டைப் பிடித்த வெள்ளைக்காரர்களும் அதே ஓடையையே எல்லையாக வைத்துக்கொண்டார்கள். பிறகு வந்தவர்கள் மாற்றவேயில்லை.

“ஓடைக்கரையில சாமிக்கல் எண்டு கிடக்கு. கல்லுக்கு இஞ்சால கண்டி. வீட்டுத் திட்டம் கண்டிக்குத்தான். உங்கட லயம் கல்லுக்கு அங்கால எல்லோ நிக்குது?”

“ஓடை முந்தி லயத்துக்குப் பின்னால ஓடிச்சு மிஸ்” என்றார் பக்கத்து வீட்டு இளங்கோ அண்ணன். “மண்சரிவுல முன்னால திரும்பிருச்சு.”

“ஓடை மாறும், தம்பி. கல்லு மாறுமோ?”

“சாமியும் வெள்ளத்தோட வந்துருச்சுங்க.”

மிஸ் களைத்துப்போய்க் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தார். “சாமி தானா வந்ததெண்டு நான் எழுத ஏலாது. ஆரும் தூக்கி வச்சதெண்டால் எழுதலாம்.”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா எங்கள் லயத்து அங்கம்மா அக்காவைப் பார்த்தார்.

அந்த மண்சரிவில்தான் அக்காவின் புருசன் செத்துப்போனார். அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் இங்கே சூடம் கொளுத்துவார். “சாமியாலேயே நிக்க முடியல. எம் மனுசன் எப்படி நிப்பாரு?” என்று சொல்லிக்கொண்டுதான் அத்தனை நாளும் சாப்பிட்டார், தூங்கினார். அன்றும் வெற்றிலையில் சூடத்தோடு நின்றார்.

“நாந்தான் மிஸ்” என்றார் அப்பா. “சாமி பாக்குற ஓடைத் தண்ணியிலதான் பூசை வைக்கணும். அங்க ஓடை வத்திப்போச்சு. கடப்பாரையால நெம்பி இங்க உருட்டியாந்தேன். சாமிகிட்ட உத்தரவு கேக்காம தொட்டேன்னா லயத்து ஆளுங்க சும்மா விடுவாங்களா? அதான் வெள்ளத்துல வந்துச்சுன்னுட்டேன். பழைய பீடம் லயத்துக்குப் பின்னால இருக்கு, வந்து பாருங்க.”

“அப்போ முனியாண்டி நீந்தி வந்தாருன்னு நாம கெடா வெட்டுனது?” என்றார் இளங்கோ அண்ணன். ஒருவரும் சிரிக்கவில்லை.

மிஸ் போய் மண்ணைக் கிளறிப் பார்த்தார். பீடம் இருந்தது. “ஓம், நீங்கள் கண்டிதான்” என்று எழுதிக்கொண்டார். இனி எங்களுக்கு வீடு உண்டு. அப்பா அக்காவின் பக்கம் திரும்பினார்.

“அங்கம்மா” என்றார்.

அக்கா கொளுத்தாத சூடத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். லயத்தை நோக்கி நடந்தார்.