மாடத்தியின் பின்னால் வந்த குளம்

1977-ஆம் ஆண்டு துலாம் என்கிற ஐப்பசி மாதத்தில் ஒரு காலை, குட்டித்துருத்துக் குளம் கரையேறி, காயலைக் கடந்து, மாடத்தியின் பின்னாலேயே மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தது. அவள் வள்ளத்தில் வந்தாள். குளம், உப்புத் தண்ணீரில் ஒரு சொட்டும் கலக்காமல், நடந்து வந்தது. துறையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். சுக்கு மூட்டை இறக்கியவர்கள் மட்டும் சரக்கு நனைகிறதென்று திட்டினார்கள்.

குட்டித்துருத்து காயல் நடுவே சின்னத் தீவு. குடிக்க அந்த ஒரு குளம்தான். ஆப்பிரிக்கன் பாயல் என்ற பாழாய்ப்போன மிதக்கும் செடி ஊர்க் குளங்களையெல்லாம் மூடிக்கொண்டிருந்த காலம்; ஒரு துணுக்கு விழுந்தால் போதும், தண்ணீர் போச்சு. அதனால் எந்த வள்ளம் வந்தாலும் துறையில் கவிழ்த்துக் கல்லுப்புப் போட்டுத் தேய்த்தாக வேண்டும். அந்தக் காவல் மாடத்தியுடையது. தபால்காரன், கட்சிக்காரன் என்று யாரையும் அவள் விட்டதில்லை. தாயில்லாமல் அவள் வளர்த்த தம்பி இசக்கிமுத்து கூடவே நின்று தேய்ப்பான்.

அவனுக்கு இடக்கொச்சியில் பெண் எடுத்தார்கள். புதுப்பெண் பிறந்த வீட்டுத் தண்ணீரை நிறைகுடமாகக் கொண்டுவந்து புகுந்த ஊர்க் குளத்தில் ஊற்றுவது பெண்வீட்டார் வழக்கம். கல்யாண வள்ளத்தையும் மாடத்தி தேய்க்காமல் விடவில்லை. ஆனால் மணப்பெண்ணின் குடத்துக்குள் யார் எட்டிப் பார்ப்பார்கள்? தளும்பினால் அபசகுனமென்று பெண்வீட்டார் தண்ணீர்மேல் பச்சையாக எதையோ மிதக்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வந்த இசக்கிமுத்து பார்த்தான். அது என்னவென்று அவனுக்குத் தெரியும். குடத்தைக் கொட்டச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடுமென்று வாயை மூடிக்கொண்டான்.

ஓணத்துக்குள் குளம் மூடிவிட்டது. மாடத்தி கழுத்தளவு தண்ணீரில் நின்று வாரி வாரிப் போட்டாள். வாரிய இடம் வாரத்துக்குள் மறுபடியும் பச்சையானது. புதுப்பெண் பேச்சியம்மாள், பாவம், சூதுவாது தெரியாதவள், கரையில் நின்று சொன்னாள்: "எங்க குடத்துல கிடந்ததும் இதுதான் மதினி. அவுகளும் பாத்தாகளே."

அந்நியன் செய்திருந்தால் மாடத்தி சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். இவன் அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன். துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு வள்ளம் ஏறினாள். குளமும் பாயலைச் சேற்றில் உதறிவிட்டுக் கிளம்பியது.

மட்டாஞ்சேரியில் ஒரு பண்டகசாலையின் பின்புறம் அது படுத்துக்கொண்டது. மாடத்தி சாயாக்கடைகளுக்குத் தண்ணீர் சுமந்து பிழைத்தாள். மாநகராட்சி ஆள் வந்து அளந்து பார்த்து, வரி போட வகை தெரியாமல் திரும்பிப் போனார். சில வருஷம் கழித்து சர்க்கார் ஆட்கள் பாயலைத் தின்னும் வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். பாயல் பழுத்து அமுங்கியது. அதற்குப் பிறகு இசக்கிமுத்து வந்தான். தீவு சுத்தமாகிவிட்டது, அக்கா வந்தால் குளமும் வரும், வந்துவிடு என்று கெஞ்சினான்.

"பாயலை வண்டு தின்னுட்டு, சரி," என்றாள் மாடத்தி. "நீ பாத்துட்டும் சும்மா இருந்தியே, அதை எந்த வண்டுடா திங்கும்?"

அவன் தனியாகவே வள்ளம் ஏறினான். அதன்பின்னும் தீவுக்காரர்கள் எப்போதும்போல தினமும் வள்ளத்தில் வந்து மட்டாஞ்சேரியில் தண்ணீர் மொண்டு போனார்கள். இசக்கிமுத்துவும் வருவான். அவன் குடத்தைச் சாய்க்கும்போது மட்டும் குளம் கொஞ்சம் பின்வாங்கும். அவன் இன்னும் இரண்டடி உள்ளே இறங்கி மொண்டுகொள்வான்.