குதிருக்குள் தண்ணீர்

“தேக்சாவுக்குள்ள என்ன இருக்கும், வீணா?” என்று ஸ்ரீகண்டன் கூடத்தில் உட்கார்ந்து போனில் கேட்டது அடுப்படிவரை வந்தது. ஜெயலக்ஷ்மி தோசையைத் திருப்ப மறந்தாள். ஸ்பீக்கரில் வீணாவின் கன்னடம் கலந்த தமிழ் கணீரென்று கேட்டது. “நம்ம மர்பி டவுன்ல கல்யாணம்னா பிரியாணி சார், அம்மன் திருவிழான்னா கூழு. ரெண்டாளு புடிச்சாதான் அசையும். சும்னே பாத்திரம்னு போட்றாதீங்க.” ஸ்ரீகண்டன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. கருகின தோசையை ஜெயலக்ஷ்மி அவர் தட்டிலேயே போட்டாள். அவர் கவனிக்காமல் சாப்பிட்டார்.

ஸ்ரீகண்டனுக்குப் பிரேசர் டவுனில் அகராதி வேலை. ஒரு பழைய அகராதியைத் திருத்திப் புதுப்பிக்கிறார்கள். அதில் பாத்திரங்கள் அவர் பொறுப்பு. அந்தக் காலத்துப் புலவர்களுக்குப் பாத்திரம் என்றாலே கை சுருங்கிவிடும். சம்புடமா, பாத்திரவகை. கூஜாவா, அதுவும் பாத்திரவகை. கிண்ணியைத் தேடிப் போனால் வட்டிலைக் காண்க என்பார்கள். வட்டிலுக்குப் போனால் கிண்ணிக்கே திருப்பி அனுப்புவார்கள். பாத்திரத்தைச் சொன்னால் உள்ளே இருப்பதையும் சொல்லியாக வேண்டும் என்பது ஸ்ரீகண்டன் வைத்த சட்டம். சட்டம் போட்டவருக்குத் தன் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. சம்புடத்தில் நெய், ஜாடியில் ஆவக்காய், கூஜாவில் ரயிலுக்குக் காப்பி என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தவள் ஜெயலக்ஷ்மிதான். சாயங்காலமானால் பென்சிலோடு அடுப்படி வாசலில் வந்து நிற்பார். மற்ற தம்பதிகள் சினிமாவுக்குப் போன வயதில் இவர்கள் அண்டாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

தமிழ் எம்.ஏ. படித்த வீணா வேலைக்கு வந்த பிறகு அவர் அடுப்படிப் பக்கம் வருவதில்லை. ஜெயலக்ஷ்மிக்கு வயிறு எரிந்தது. தப்பாக ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும், இருந்திருந்தால்கூடத் தேவலை. பூவோ புடவையோ வாங்கிக்கொடுத்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை எடுத்துக்கொண்டுபோய் இன்னொருத்தியிடம் கேட்கிற மனுஷரிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது?

கடைசி புரூஃப் பார்ப்பது மட்டும் இன்னும் அவள் கையில் இருந்தது. அவள் சிவப்பு மையில் திருத்தியதைக் கம்ப்யூட்டரில் அப்படியே ஏற்றிவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். விளக்கத்தின் அடியில் எழுதியவரின் முதலெழுத்து மட்டும் நிற்கும். மறுநாள் மத்தியானம் வந்த புரூஃப் கட்டில் இப்படி ஒன்று இருந்தது: குதிர், நெல் சேர்த்துவைப்பதற்கு மண்ணால் செய்யப்படும் உயரமான கூடு. அடியில் வீ. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நெல்லை அடித்துவிட்டு நீர் என்று எழுதினாள். எழுதிய பிறகு போய்ப் பால் காய்ச்சினாள்.

ஞாயிற்றுக்கிழமை தலைமைப் பதிப்பாசிரியர் ஞானசேகரன் டிபனுக்கு வந்தார். வீணாவும் வந்திருந்தாள். இட்லியைத் தொடுவதற்கு முன்பே ஞானசேகரன் பையிலிருந்து ஓர் அச்சுத்தாளை எடுத்தார்.

“மண் குதிர்ல தண்ணிய ஊத்தினா என்னம்மா ஆகும்? கரைஞ்சு ஓடிடாது? இத அச்சுல பாத்தா ஊரே சிரிக்கும். உன்ன வேலைல வெச்சுக்கறதா வேணாமான்னே தெரியல.”

வீணா தட்டைக் கீழே வைத்தாள். “நெல்லுன்னுதான் சார் எழுதினேன். சத்தியமா சார்.”

“நான் அந்தப் பக்கத்தத் தொடவே இல்ல” என்றாள் ஜெயலக்ஷ்மி.

அவளை யாரும் கேட்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை சொன்ன கதைதான். சொன்ன மாத்திரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்ரீகண்டன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான்தான் சார் மாத்தினேன். ஏதோ ஞாபகத்துல எழுதிட்டேன்.”

“நீங்களா?” ஞானசேகரனுக்கு நம்ப முடியவில்லை. “முதல் பக்கத்துல உங்க பேரப் போடலாம்னு இருந்தேனே, ஸ்ரீகண்டன்.”

“வேண்டாம், விடுங்கோ.”

ஜெயலக்ஷ்மி சட்னிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். அவர் காப்பாற்றியது பெண்டாட்டியின் மானத்தையா, அந்தப் பெண்ணின் வேலையையா? இனி இதை அவரிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் தான் செய்ததை ஒப்புக்கொண்டதாகும்.

ஞானசேகரன் முதலில் கிளம்பிப் போனார். வீணா செருப்பு மாட்டும்போது, மேஜைமேல் இருந்த புரூஃப் கட்டை ஸ்ரீகண்டன் எடுத்துவந்து அவளிடம் நீட்டினார்.

“கடைசி புரூஃபையும் இனிமே நீங்களே பாத்துடுங்கோ.”

“மாமி பாப்பாங்களே சார்?”

“அவளுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல.”

இதைச் சொல்லும்போது அவர் ஜெயலக்ஷ்மியின் பக்கம் திரும்பவில்லை. வீணாவை வழியனுப்பக் கீழே இறங்கிப் போனார்.

அடுப்படி ஜன்னலிலிருந்து ஜெயலக்ஷ்மிக்கு எல்லாம் நன்றாகவே தெரிந்தது. வீணா ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கிக் கட்டை உள்ளே வைத்தாள், மூட வரவில்லை. ஸ்ரீகண்டன் குனிந்து, பிதுங்கிய தாள்களை விரலால் உள்ளே தள்ளி, சீட்டை அழுத்தி மூடினார். அவர் ஏதோ கேட்டார். வீணா கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து அடி அகலமாக ஒரு உருவத்தைக் காட்டி, மேலே வர வரக் குறுக்கினாள். அவர் தன் கைகளாலும் அதே மாதிரி செய்து பார்த்தார். அது என்ன பாத்திரம் என்று ஜன்னலிலிருந்து தெரியவில்லை.