எந்தப் பக்கத்து இடது

மண்புழுக்களைப் பற்றிய மாநாடு ஒன்றுக்கு வெளிநாடுகளிலிருந்து நாற்பத்து மூன்று பேர் வருவதாக இருந்தது. விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து எங்கள் கல்லூரி விடுதி அறையில் பெட்டியை வைக்கும்வரை அவர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கத்தில் எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. விலங்கியல் துறை அலுவலகத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். அதுவரை நான் எழுதியதெல்லாம் ஆய்வகத்துக்கு ஃபார்மலின் கேட்டும், ஒழுகுகிற குழாயைச் சரிசெய்யக் கேட்டும் எழுதிய விண்ணப்பங்கள்தான்.

நான் விமானத்தில் ஏறியதே இல்லை. அதைத் துறைத்தலைவரிடம் சொன்னேன்.

"அதனாலதாம்மா உங்ககிட்ட குடுக்கறேன். எங்களுக்கெல்லாம் கார் வந்துடும். எங்க நின்னா பஸ் வரும்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது," என்றார்.

மூன்று வாரம் எழுதினேன். விடுதி அறையில் எந்த மாதிரி பிளக் பொருந்தும், குளியலறைக் குழாயில் சிவப்புப் பொட்டு இருக்கிற பக்கம் குளிர்ந்த நீர்தான் வரும், எந்த வாசலில் காவலாளி இருப்பார் என்று ஒவ்வொன்றாக. கல்லூரியின் முழுப் பெயரை எந்தக் கண்டக்டரிடமும் சொல்ல வேண்டாம், அவருக்குத் தெரியாது, 'பெரிய கேட்' என்று சொல்லுங்கள் என்று எழுதி, அதை எப்படி உச்சரிப்பது என்பதையும் எழுதினேன். கண்டக்டரிடம் காட்ட வசதியாக ஒரு பஸ் படமும் போட்டேன். எழுத எழுத எனக்கு மெல்ல ஒரு திமிர் வந்தது. எங்கிருந்தோ வருகிற ஒருவர் இந்த ஊரில் முதலில் நம்பப்போவது என்னை. வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதற்கும் யாரும் என்னை இப்படி நம்பியதில்லை.

தலைமை உரை ஆற்ற வருகிறவருக்கு எழுபத்து நான்கு வயது. எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'மண்புழு அம்மா' என்றே பெயர். கார் வேண்டாம், எந்த ஊரானாலும் பஸ்ஸில் போவதுதான் தன் வழக்கம் என்று எழுதியிருந்தார். பயணத்தில் போனை அணைத்து வைத்துவிடுவாராம், அச்சடித்த தாள் போதுமாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். முழங்கால் சரியில்லை, பஸ் நிறுத்தத்துக்கு எத்தனை அடி நடக்க வேண்டும், படி ஏற வேண்டுமா?

கதவைத் தாண்டியதும் இடது பக்கம் திரும்புங்கள், நாற்பது அடி, படி கிடையாது என்று பதில் போட்டேன். அதையே தாளிலும் சேர்த்தேன். போன மாதம் என் கணவரைக் கூப்பிடப் போனபோது, விமானம் தாமதம் என்றதால், நானே நடந்து எண்ணியது அது.

அவருக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை. எட்டு மாதம் கடல், நான்கு மாதம் வீடு. எந்தத் துறைமுகத்தில் இறக்கிவிடுகிறார்களோ அங்கிருந்து விமானத்தில் வருவார்.

மாநாட்டுக்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, சாப்பாட்டு மேசையில் கிடந்த அந்தத் தாளை அவர் எடுத்துப் படித்தார். மண்புழு அம்மா அன்று மதியம் ஒன்றேகாலுக்கு இறங்குகிறார். மற்றவர்கள் மறுநாள்தான்.

"மண்புழுவுக்கு மாநாடா. அதுங்க பாட்டுக்கு மண்ணுக்குள்ள நிம்மதியா இருக்குதுங்க," என்றார்.

"கிண்டல் அப்புறம் பண்ணலாம். தப்பு இருந்தா சொல்லுங்க."

"தப்பே இல்ல. கமாகூட இருக்கவேண்டிய இடத்துல இருக்கு." பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முன்பக்கத்துக்கு வந்தார். காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ஆமா, கதவைத் தாண்டி எந்தப் பக்கம்னு எழுதியிருக்க?"

"இடது."

"எந்தப் பக்கத்து இடது?"

"இதென்ன கேள்வி. இடதுன்னா சோத்துக்கை இல்லாத கை."

அவர் எழுந்து போய்ச் சமையலறை வாசலில் என்னைப் பார்த்து நின்றார். "இதுதான் ஏர்போர்ட் கதவு. நான் பெட்டியைத் தள்ளிக்கிட்டு வெளிய வர்றேன். நீ தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கிற. பஸ் ஸ்டாண்டு எங்க, கை காட்டு."

என் இடது கை தானாகவே நீண்டு, குளிர்சாதனப் பெட்டியைக் காட்டியது.

"இப்ப என் கையைப் பாரு," என்றார். குளிர்சாதனப் பெட்டியின் பக்கம் நீண்டிருந்தது அவருடைய சோத்துக்கை.

கல்யாணமான இத்தனை வருடத்தில் எத்தனை முறை அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். அந்தக் கதவு திறந்து மூடுவதை எவ்வளவு நேரம் பார்த்திருப்பேன். அதன் கண்ணாடியில் எந்த மூலையில் விரிசல் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். ஒரு தடவைகூட அதற்குள்ளிருந்து வெளியே வந்ததில்லை. எழுதும்போது வருகிறவராக என்னை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன் என்று நம்பியிருந்தேன். மனதுக்குள்ளும் நான் கம்பிக்கு வெளியேதான் நின்றிருக்கிறேன்.

மண்புழு அம்மாவின் போனுக்கு அடித்தேன். அணைத்திருந்தது. விமான நிலைய உதவி எண் அடித்துக்கொண்டே இருந்தது. துறைத்தலைவர் எடுத்தார்.

"பதறாதீங்க. டிரைவர் லீவு. நான் வெளியூர்ல இருக்கேன், வர மூணு மணி ஆகும். யாராவது போக முடியுமா?"

"நானே போறேன் சார். என் தப்பு சார்."

"தப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அந்த அம்மாவுக்குக் கால் வேற முடியாது," என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

டாக்ஸியில் ஏறியதும் மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் திருத்தம் அனுப்பப் போனேன். 'இடது அல்ல, வலது' என்று தட்டினேன். அனுப்ப விரல் வரவில்லை. இப்போது எந்தக் கை எந்தப் பக்கம் என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கண்ணால் பார்க்காமல் இன்னொரு வரி எழுத மாட்டேன் என்று போனைப் பைக்குள் போட்டேன்.

"அந்த இன்னொரு பக்கத்துல என்ன இருக்கு?" என்று கூடவே வந்த என் கணவரிடம் கேட்டேன்.

"ஒரு சுவர் இருக்கும். சாமான் வண்டிங்க. அதுக்கு அப்புறம் லாரி வர்ற ரோடு."

சிக்னலில் வண்டிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேச்சை மாற்றுவதற்காகத்தான் என்று நினைக்கிறேன், "இந்தத் தப்பை நீ இப்ப புதுசா பண்ணல," என்றார்.

"என்னது?"

"கல்யாணம் ஆகி நான் முதல் தடவை வந்தேனே. இடது பக்கம் தூண்கிட்ட நிக்கிறேன்னு போன்ல சொன்ன. வெளிய வந்து இடது பக்கம் பாக்கறேன், பாக்கறேன், ஆளக் காணோம். பெட்டியைத் தள்ளிக்கிட்டு அந்தச் சுவர் வரைக்கும் போய்ட்டேன்."

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. கதவு திறந்து அவர் வந்ததும் நான் கையை உயர்த்தினேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தார். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார். எட்டு மாதம் கழித்து வருகிறவர், கூட்டத்தில் என் முகத்தைத் தேடக்கூட இல்லை என்று அன்று ராத்திரியே எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயத்தில் கேட்கவில்லை. அதன்பிறகு அவர் பாசமாக ஏதாவது செய்தால்கூட, கடமைக்குச் செய்கிறார் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டேதான் வாங்கியிருக்கிறேன்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"இதைப் போயி சொல்லுவாங்களா? அடுத்த தடவைலேர்ந்து நீ இடதுன்னா நான் வலது பக்கம் பாத்துட்டு வந்தேன். அவ்வளவுதானே."

அவ்வளவுதான். அந்த நிமிடத்தில் நான் அழுதிருக்க வேண்டும், அல்லது சிரித்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நேரமில்லை. முழங்கால் வலியோடு ஒருவர் லாரிகள் வரும் சாலையில் நின்றுகொண்டிருக்கக்கூடும். "முன்னாடி வண்டி நகருது பாருங்க," என்று டிரைவரிடம் சொன்னேன்.

நாங்கள் இறங்கும்போது ஒன்று ஐம்பது. விமானம் முக்கால் மணி நேரம் முன்கூட்டியே வந்துவிட்டதாகப் பலகை சொன்னது. நான் பஸ் நிறுத்தத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், நான் தப்பாக அனுப்பிய பக்கத்துக்கு ஓடினேன். என் கணவர் சொன்னது சரி. நீளமான ஒரு சுவர். அடுக்கிவைத்த தள்ளுவண்டிகள். பணியாளர்கள் போகிற சின்ன வாசல். அங்கே ஒரு மர பெஞ்சில் நீலக் கோட்டு போட்ட துப்புரவுப் பணிப்பெண் ஒருவர் டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேறு யாருமில்லை.

"அக்கா, வயசான ஒரு வெளிநாட்டு அம்மா இந்தப் பக்கம் வந்தாங்களா?"

"குட்டை முடியா? கையில பேப்பரா?"

"ஆமா."

"வந்தாங்க. தரையைப் பாத்துக்கிட்டே எண்ணிக்கிட்டு வந்தாங்க. சரியா என் முன்னாடி வந்து நின்னுட்டாங்க. ஏதோ என்னையே தேடி வந்த மாதிரி."

"இப்ப எங்க?"

"அவங்க பேசறது எனக்குப் புரியல, நான் பேசறது அவங்களுக்குப் புரியல. பேப்பர்ல பஸ் படம் இருந்துச்சு. சக்கர நாற்காலி ஒண்ணு சும்மா கிடந்துச்சு, அதுல உக்கார வெச்சு அந்தக் கோடிக்குத் தள்ளிட்டுப் போய் விட்டுட்டு வந்தேன். முக்கால் மணி ஆகுது." கையைக் கழுவிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அந்தப் பேப்பரை எழுதினது எந்தப் புண்ணியவதியோ, இடது வலது தெரியாத ஆளு."

"நான்தாங்க்கா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "விடு. எனக்கும் செருப்பு மாட்டறப்பதான் தெரியும்."

முக்கால் மணி என்றால் இதற்குள் இரண்டு பஸ்ஸாவது போயிருக்கும். எங்கள் பஸ் என்று நினைத்து வேறு எதிலாவது ஏறியிருந்தால்? வந்த வழியே ஓடினேன். கதவுக்கு முன்னால் கூட்டம். யாரோ மாலையும் கையுமாக நின்றார்கள், யாரோ பெயர்ப்பலகையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்கள். எல்லாரையும் விலக்கிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் என் கணவர் போய்விட்டிருந்தார். பஸ் நிறுத்தத்தின் கூரைக்கு அடியிலிருந்து அவர் இரண்டு கையையும் ஆட்டினார்.

மண்புழு அம்மா கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பெட்டியின் மேல் நீட்டியிருந்தார். மடியில் என் இரண்டு பக்கம். எனக்கு மூச்சு வாங்கியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வணக்கம் சொல்வதற்குப் பதிலாக அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். கை வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குப் பிறகுதான் என் முதுகு வியர்த்து நனைந்திருப்பதே தெரிந்தது.

இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில் பேசிக்கொண்டோம். யாருக்கும் அதில் வேகமாகப் பேச வராததால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு முழுசாகப் புரிந்தது.

"இதை எழுதினது நீங்கதானா?" என்றார்.

"ஆமா. தப்பா எழுதிட்டேன். கால் வலிக்குதா?"

"கால் எப்பவும் வலிக்கும். அதுக்கு நீங்க பொறுப்பில்ல. ரெண்டு பஸ் வந்துச்சு, நான்தான் ஏறல. இடது தப்புன்னா பஸ் நம்பரும் தப்பா இருக்குமோன்னு சந்தேகம்."

"நம்பர் சரிதான். சத்தியமா."

"ஆனா நாற்பது அடி சரியா இருந்துச்சு. அந்தப் பக்கமும் நாற்பதுலதான் பெஞ்சு வந்துச்சு." தாளைத் தடவிக்கொண்டார். "ஒரு புழுவுக்கு எது தலை எது வால்னு தெரியாமலே நான் ஒரு வருஷம் ஆராய்ச்சி பண்ணி, அதை அச்சிலயும் போட்டேன். அதை இன்னும் யாரோ படிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. உங்களோடது பரவாயில்ல, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடுச்சு."

என் கணவருக்கு நான் இதை மொழிபெயர்த்தேன். "மண்புழு பரவாயில்லையே," என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

துறைத்தலைவருக்குப் போன் செய்து, பத்திரமாக இருக்கிறார் என்றேன். அவர் நீளமாக மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. பிறகு மண்புழு அம்மாவிடம் இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டு எழுந்தேன். கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய்க் கம்பியின் முடிவில், வருகிறவர்கள் வெளியேறும் இடத்தில் நின்றேன். காவலாளி ஒரு பார்வை பார்த்தார். "ஒரே நிமிஷம்ங்க," என்றேன். கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன்.

இத்தனை வருடம் நான் நின்ற இடத்தில் வேறு யார் யாரோ நின்றார்கள். முப்பது நாற்பது முகம் இருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தன, நான் அவர்களுடைய ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஒரே நேரத்தில் என்னை விட்டுவிட்டன. இதற்குள்தான் அவர் ஒவ்வொரு முறையும் என்னைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்கிறது.

போனை எடுத்தேன். 'கதவு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். பஸ் நிறுத்தம் உங்கள் வலது கைப் பக்கம், கூரை போட்டது, கண்ணுக்குத் தெரியும். நாற்பது அடி' என்று எழுதினேன். வலது கையை நீட்டிப் பார்த்தேன். அதன் நேரே என் கணவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, பஸ் வருகிறது, சீக்கிரம் வா என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டு ஓடினேன்.

பஸ்ஸில் கூட்டமில்லை. மூன்று பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது.