இலாகா இல்லாத அமைச்சர்

தன்யா கதவைச் சாத்திய வேகத்தில் ஹாலில் மாட்டியிருந்த கல்யாண போட்டோ ஒருமுறை ஆடி நின்றது. சனிக்கிழமை காலை. காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த சேதுராமன் மனைவியைப் பார்த்தார். ஷியாமளா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே, “உங்க பொண்ணுக்கு மந்திரி பதவி கெடச்சிருக்கு. அதான் அழறா” என்றாள்.

விஷயம் இதுதான். தன்யாவின் பள்ளியில் வருஷா வருஷம் பிள்ளைகளை வைத்து ஒரு மாதிரி அமைச்சரவை கூட்டுவார்கள். இந்த வருஷம் ருமேனியா. அதுவும் இன்றைய ருமேனியா இல்லை, இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் இருந்த ருமேனியா. துபாய் தேராவில் குடியிருக்கிற திருச்சிக்காரப் பெண்ணுக்கும் புகாரெஸ்ட் மந்திரிசபைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. இங்கத்திப் பள்ளிக்கூடங்கள் அப்படித்தான். ஒருத்திக்கு வெளியுறவு, ஒருவனுக்கு ராணுவம், எதிர் ஃப்ளாட் நிதினுக்கு நிதி. தன்யாவுக்கு வந்தது பெசரேபியா என்கிற மாகாணத்துக்கான அமைச்சர் பதவி. இலாகா கிடையாது.

மகளுக்கு உதவுகிறேன் பேர்வழி என்று மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் சேதுராமன் அந்த அமைச்சரவைகளைப் படித்துத் தீர்த்திருந்தார். அடேயப்பா, எத்தனை அமைச்சரவை! ஒன்று வந்து உட்காருவதற்குள் இன்னொன்று வாசலில் நிற்கும். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது, எந்த மாகாணத்துக்காரர் கோபித்துக்கொள்வார் என்று அவர்கள் பட்ட பாட்டைப் படிக்கப் படிக்க அவருக்கு ருசித்தது. ருசிக்காமல் என்ன செய்யும்? அவரே ஒரு மந்திரிசபை அமைத்துக்கொண்டிருந்தார். தமிழ்ச் சங்கத் தலைவர். பொங்கல் விழாக் கமிட்டியை மறுநாள் வாட்ஸ்அப் குரூப்பில் அறிவிக்க வேண்டும்.

எல்லாப் பொறுப்புக்கும் ஆள் போட்டாயிற்று. உணவில்தான் சிக்கல். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து பொங்கல் சமையல் அழகுமலை பொறுப்பு. அவர் சாரம் கட்டும் கம்பெனியில் ஃபோர்மேன், சிவகங்கைப் பக்கம். விழாவுக்கு முதல் நாள் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாரென்றால் ஆயிரம் பேர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உட்காருவார். ஆனால் இந்த வருஷம், வங்கியில் வேலை பார்க்கிற விஷால் என்கிற இளைஞன் ஒரு ரெஸ்டாரண்டை ஸ்பான்சராகப் பிடித்து வந்திருந்தான். சாப்பாடு அவர்களுடையது, டப்பாவில் அடைத்து வந்துவிடும். “அண்ணா, அழகுமலை அண்ணன வேணா அட்வைசரா போட்ருவோம்” என்றான்.

வளைகுடா சங்கங்களில் இது ஒரு நல்ல ஏற்பாடு. ஒருவரை வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதில்லை, ஆலோசகர் ஆக்கிவிடலாம். மேடையில் நாற்காலி உண்டு, சட்டையில் பேட்ஜ் உண்டு, பேனரில் பெயர் உண்டு. ஆலோசனைதான் யாரும் கேட்க மாட்டார்கள். சேதுராமன் சரி என்று தலையாட்டியிருந்தார்.

“குரூப்ல பாத்து அவர் தெரிஞ்சுக்கக் கூடாது. நீங்களே வாயத் தெறந்து சொல்லிடுங்க” என்று ஷியாமளா பத்து தடவையாவது சொல்லியிருப்பாள். அதற்கும் தலையாட்டியிருந்தார்.

அந்த அழகுமலைதான் அன்று காலை வந்து பால்கனியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். சங்கத்துக்குச் சொந்தமாக இடம் கிடையாது, பெரிய பாத்திரமெல்லாம் சேதுராமன் வீட்டு பால்கனியில்தான். ஒவ்வொரு வருஷமும் பொங்கலுக்கு முந்திய வாரம் வந்து புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிட்டுப் போவார். யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

தன்யா முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். “அப்பா, திஸ் இஸ் சோ அன்ஃபேர். எல்லாருக்கும் டிபார்ட்மென்ட் இருக்கு. எனக்கு மட்டும் நத்திங்.”

சேதுராமனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. படித்ததை எடுத்துவிட ஆள் கிடைத்தால் போதாதா? “அது சும்மா பதவி இல்லம்மா. போர் முடிஞ்சதும் புதுசு புதுசா மாகாணம் வந்து சேந்துது. அந்த ஊர்க்காரங்கள விட்டுட்டா மனசு கஷ்டப்படும். அதுக்காகத் தூக்கி எல்லா இலாகாவையும் குடுத்துட முடியுமா? அதான் ஆளுக்கு ஒரு நாற்காலி. வேலை மட்டும் மத்தவங்க பாத்துப்பாங்க.”

“ஸோ, அவர் தேவையில்ல. பட் ஹர்ட் ஆகக் கூடாது. அப்படித்தானே?”

“அதேதான்!” என்று சிரித்தார் சேதுராமன்.

பால்கனிக் கதவு திறந்துதான் இருந்தது. தேய்க்கிற சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தார். அழகுமலை ஈரக் கையோடு வாசற்படியில் நின்றார்.

“கொஞ்சம் புளி இருந்தா குடுங்கம்மா” என்று ஷியாமளாவிடம் கேட்டுவிட்டு, தன்யாவைப் பார்த்தார். “அந்த மந்திரிக்கு நாற்காலி இருக்குல்ல பாப்பா? அப்புறம் எதுக்கு அழுகுற?”

பிறகு சேதுராமன் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் வெட்கம். “சார், ஒரு விசயம். எம் பொண்டாட்டி நாகவள்ளி வாரா, விசிட் விசாவுல. சத்வாவுல எங்க மச்சான் வீட்ல தங்க ஏற்பாடு பண்ணிட்டேன். நான் ஆயிரம் பேருக்குப் பொங்க வைக்கிறேன்னு சொன்னா இத்தன வருசமா நம்ப மாட்டேங்குறா சார். ‘நீங்க சும்மா அளக்குறீக’ம்பா. இந்த வாட்டி அடுப்புக்குப் பக்கத்துலயே ஒரு சேர் போட்டு உக்கார வச்சிரப் போறேன்.”

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஷியாமளா புளியை நீட்டியபடி புருஷனையே பார்த்தாள். சேதுராமன் வாயைத் திறந்தார். “ரொம்ப சந்தோஷம் அழகுமலை. கூட்டிட்டு வாங்க” என்றார்.

கோழை. வேறென்ன சொல்ல? அன்று முழுக்க அவர் தன்னைத்தானே அப்படித்தான் திட்டிக்கொண்டார். விஷாலுக்கு ஒரு போன் போட்டு, ஒரே ஒரு அண்டா பொங்கலாவது நாம் வைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கலாம். ஸ்பான்சர் ஒன்றும் ஓடிப்போயிருக்க மாட்டார். போனை எடுத்தார், வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி குரூப்பில் ஏறியது. ஆலோசகர்: திரு. அழகுமலை. வாழ்த்துகள் குவிந்தன. வெகுநேரம் கழித்து அழகுமலையிடமிருந்து ஒரு கும்பிடு வந்தது. அதோடு சரி.

அப்பாவின் போனை எட்டிப் பார்த்த தன்யா, “அட்வைசர்னா என்ன பண்ணுவாங்கப்பா?” என்று கேட்டாள். சேதுராமன் பதில் தேடுவதற்குள் அவளே, “ஓ” என்றாள். அதற்குப் பிறகு ருமேனியாவைப் பற்றி அவரிடம் அவள் எதுவும் கேட்கவில்லை.

விழா நன்றாகத்தான் நடந்தது. டப்பாவில் சர்க்கரைப் பொங்கல், ஓரத்தில் ஒரே ஒரு முந்திரி. மேடையின் கடைசி நாற்காலியில் புது வேட்டியும் பேட்ஜுமாக அழகுமலை உட்கார்ந்திருந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஒருமுறை பழக்க தோஷத்தில் எழுந்து சாப்பாடு கொடுக்கிற பக்கம் நடக்கப் பார்த்தவரை, “நீங்க உக்காருங்கண்ணா” என்று விஷால் தோளைத் தொட்டு உட்கார வைத்தான். மரியாதையாகத்தான் வைத்தான்.

கூட்டம் கலையும்போது நாகவள்ளி சேதுராமனைத் தேடி வந்து கும்பிட்டாள். மெலிந்த உருவம், விறைப்பான பட்டுப்புடவை. “ரொம்ப சந்தோசம் சார். இந்த வருசம் அடுப்படி வேல வேணாம்னு மேல ஏத்தி உக்கார வச்சுட்டீகளாம்ல. அவுகதான் சொன்னாக. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு.”

சேதுராமன், “அதெல்லாம்... அவருக்குச் செய்ய வேண்டியதுதானே” என்று மென்று முழுங்கினார்.

“ஆனா ஒரே ஒரு ஆசை சார். அந்தப் பெரிய அண்டா உங்க வீட்லதான் இருக்காமே. ஒருக்கா பாத்துட்டுப் போயிறட்டுமா?”

“அவருக்கு ஆயிரம் சோலி இருக்கும். வா புள்ள” என்று அழகுமலை இழுத்தார். சேதுராமன்தான் பிடிவாதமாகக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். வழியெல்லாம், மன்னிச்சிருங்க அழகுமலை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார், மனசுக்குள். கண்ணாடியில் தெரிந்த நாகவள்ளியின் முகம் அதை வெளியே வர விடவில்லை. மன்னிப்புக் கேட்டால் அவளுக்கும் தெரிந்துவிடுமே.

பால்கனியில் சாயங்கால வெயில். கவிழ்த்து வைத்த அண்டாவை அழகுமலை நிமிர்த்தினார். பளபளவென்று இருந்தது. நாகவள்ளி விளிம்பைத் தொட்டுப் பார்த்து, குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். “ஆத்தி! இதுக்குள்ள நானே உக்காந்துக்கலாம் போல. நெசமாத்தான் சொல்லியிருக்கீக.”

“ஒரு போட்டோ எடுங்க சார். ஊர்ல காட்டணும்” என்று போனை நீட்டினாள்.

அழகுமலை மூலையில் சாத்தியிருந்த மரத்துடுப்பை எடுத்துத் துடைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். சட்டையில் ஆலோசகர் பேட்ஜ் அப்படியே இருந்தது, அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். நாகவள்ளி தலைப்பைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். ஷியாமளாவும் தன்யாவும் கதவோரம் வந்து நின்றார்கள்.

“சும்மா புடிச்சிக்கிட்டு நிக்காதீக. கிண்டுங்க” என்றாள் நாகவள்ளி.

அழகுமலை இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, காலை அகட்டி, அடிப்பிடிக்காமல் கிண்டுகிற அதே வாகில் சுற்றத் தொடங்கினார். வெறும் அண்டாவின் அடியில் மரம் கரகரவென்று உரசியது. சேதுராமன் போனை உயர்த்திப் பிடித்தார். திரைக்குள் இருந்து அழகுமலை அவரை நேராகப் பார்த்து, “எடுத்துட்டீங்களா சார்?” என்று கேட்டார்.

“இன்னும் ஒண்ணு” என்றார் சேதுராமன். துடுப்பு சுற்றிக்கொண்டே இருந்தது.