ஆறு கோட்டில் அடங்காத ஒரு விசில்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, விளையாட்டுக் கழகம் கொடுத்த ஒரு படிவமாகப் பிறந்தது. ‘கடைசி நிமிடத்தில் நடந்ததை உள்ளபடி எழுதவும்’ என்று மேலே ஒரு வரி, கீழே ஆறு கோடு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுக்க வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை. ஆறு கோட்டில் நான் எதைத்தான் சொல்லி முடித்திருக்கிறேன்? கூடுதலாக ஒரு தாளை எடுத்தேன், கதை வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

படிவம் கேட்பது இதைத்தான்: வலைப்பந்து ஆட்டத்தில் வளையத்தைக் காக்கும் கோல் கீப்பரான நான், எதிரணிப் பெண்ணின் கையைத் தொட்டேனா இல்லையா? தொட்டதாக விசில் ஊதியவள் என் அண்ணி. அண்ணனின் மனைவி, ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுக்கு அன்று நடுவர் தேர்வு. ஆட்டத்தின் முடிவு இனி மாறாது. அண்ணி தேறுவாளா என்பது மட்டும் என் பதிலில் தொங்குகிறது.

நான் தொடவில்லை. இதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

2.

ஆரம்பம் ஒன்று: ‘மாலை வெயில் மைதானத்தில் பொன்னை உருக்கி’ — வேண்டாம். ஆடியது கூரை போட்ட உள்ளரங்கில்.

ஆரம்பம் இரண்டு: ‘அவள் பிறவியிலேயே கண்டிப்பானவள்’ — எனக்கே சிரிப்பு வருகிறது.

ஆரம்பம் மூன்று: ‘அண்ணி முதல்முறை விசில் ஊதியபோது எவளும் நிற்கவில்லை.’ இதுதான் நிஜம். வெளியே படுத்திருந்த நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

அவள் வேலை செய்வது பெரிய கடையொன்றில், பழுதான பொருளைத் திருப்பி வாங்கும் மேஜையில். மிக்சி ஓடாவிட்டாலும் செருப்பு பிய்ந்தாலும் “மன்னிச்சுக்கோங்க” என்பதுதான் அவள் உத்தியோகம். அதே வாயில் விசிலை வைத்தால் என்ன வரும்? கொஞ்சம் காற்று வந்தது. பின்னாலேயே, “மன்னிச்சுக்கோங்க, காலை நகர்த்திட்டீங்கன்னு நினைக்கிறேன்... சும்மா நினைக்கிறேன்தான்...”

பயிற்சி கொடுத்தவள் அண்ணியைவிடப் பத்து வயது இளையவள். பந்தைக் கையில் மூன்று செகண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதியை அவள் உயிராகப் பிடித்துக்கொண்டிருந்ததால், எங்களுக்கு அவள் மூணு செகண்ட் மேடம்.

“அக்கா, விசில் ஊதினா மூணே விஷயம். என்ன தப்பு, என்ன தண்டனை, எந்த இடம். நாலாவதா எதுவும் வாயில வரக் கூடாது.”

“தெரியாம வந்துடுது மேடம். மன்னிச்சுக்கோங்க.”

“பாத்தீங்களா?”

3.

அந்த நாலாவதை விரட்டும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். (இந்தப் பகுதியில் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டிக்கொள்வேன். கண்டுகொள்ளாதீர்கள்.) ஐந்து மாதம், கூடத்தில் சோபாவைத் தள்ளி வைத்துவிட்டு நான் தப்புத் தப்பாக ஆடுவேன், அவள் ஊதுவாள். ஒரு மன்னிப்புக்குப் பத்துத் தோப்புக்கரணம். முதல் வாரம் அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை, பாவம்.

ஒரு ஞாயிறு காலை, அண்ணன் ஈரத் துண்டைக் கட்டிலில் வீசினான். வீடே அதிர ஒரு விசில். அண்ணி கையை நீட்டி நின்றாள்.

“ஈரத் துண்டு. எடுங்க. கொடியில.”

அண்ணன் எடுத்துவிட்டான்! கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறை. நாங்கள் இருவரும் சமையலறைக்குள் ஓடி வயிறு வலிக்கச் சிரித்தோம்.

(அடிக்குறிப்பு: துண்டு மறுநாளே கட்டிலுக்குத் திரும்பிவிட்டது. கதைக்கு அது உதவாது என்பதால் இங்கே தள்ளி வைத்தேன்.)

4.

தேர்வு ஆட்டம். முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. இருபது செகண்ட் பாக்கி. எதிரணியில் கோல் போடுகிறவள் வளையத்துக்கு அடியில் பந்தை உயர்த்தினாள். விதிப்படி மூன்றடி தள்ளி நான். அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த துணிப்பட்டை வியர்வையில் ஊறிச் சொதசொதவென்றிருந்தது. எழும்பினேன். விசில்.

“கோல் கீப்பர், கையைத் தொட்டீங்க. பெனால்டி. இங்க.”

வீட்டில் வாடி போடி என்பவள், ‘ங்க’ போடுகிறாள்!

“அண்ணி, கண்ணு தெரியலையா? நான் எங்க தொட்டேன்?”

“பக்கத்துல நில்லுங்க.”

விதி அப்படி. தப்புச் செய்தவள், பந்து எறிபடும்வரை கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். நின்றேன். பந்து வளையத்துக்குள் விழுந்தது, தோற்றோம். என் அணி மொத்தமும் என்னோடு சேர்ந்து அண்ணியைச் சூழ்ந்துகொண்டு கத்தியது. தேர்வுக்கு மதிப்பெண் போட வந்திருந்த மூணு செகண்ட் மேடம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து என் முதுகுதான் தெரிந்ததாம். அதனால்தான் படிவம்.

5.

முடிவு அ: தொடவில்லை என்று எழுதுகிறேன். அண்ணி தேறவில்லை. அணியில் என் கௌரவம் தப்புகிறது.

முடிவு ஆ: கோல் போட்டவளே ஓடி வந்து, கண்ணீர் மல்க — சே, சினிமா.

‘அ’ போதும் என்று முடிவுகட்டி, எழுதியதைத் திருத்தப் படித்தேன். நாலாம் பகுதியில் ஒரு வாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டது. மூன்றடி தள்ளி நின்றவளுக்குத் துணிப்பட்டை நனைந்திருப்பது தெரியலாம். சொதசொதப்பு எப்படித் தெரிந்தது? அடடா. அதை அடித்துவிடலாமென்று பேனாவைத் தூக்கினேன்.

கதவருகே அண்ணி.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டே இருக்கேன்.”

“இல்லடி, யோசிச்சுப் பாத்தேன். ஒருவேளை எனக்குத்தான் சரியாத் தெரியலையோ என்னமோ. எல்லாரும் பாக்குறாங்கன்னு அவசரப்பட்டு ஊதிட்டேன்போல. மன்னிச்சுக்கோ.”

ஐந்து மாதம் மெனக்கெட்டு விரட்டிய வார்த்தை. அதைத் திரும்பக் கூட்டி வந்தவள் நான். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

“பத்துத் தோப்புக்கரணம்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. விளக்கைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

6.

அந்த வாக்கியத்தை நான் அடிக்கவில்லை. படிவத்தின் முதல் கோட்டில் மையால் எழுதினேன்: தொட்டேன். இரண்டாவது கோட்டில் ‘ஆனால் அந்த வேகத்தில் யாராக இருந்தாலும்’ — என்று தொடங்கி, அப்படியே நிறுத்திக்கொண்டேன். மற்ற கோடுகள் காலியாகவே போகட்டும்.

படிவத்தையும் இந்தத் தாள்களையும் முதலில் அண்ணி கையில்தான் கொடுக்கப்போகிறேன். படித்துவிட்டு அவள் என்ன செய்வாள் என்பதை எழுத மாட்டேன். எழுதினால் கடைசிப் பத்தியில் அவளை என்னைக் கட்டிப்பிடிக்க வைத்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

ஆகவே விசில் உங்களிடம். உங்கள் கண் முன்னால்தானே முழு ஆட்டமும் ஆடினேன்? என்ன தப்பு, என்ன தண்டனை, எந்த இடம். மூன்று செகண்ட் தருகிறேன். இதோ, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். ஊதுங்கள்.

ஊதிவிட்டு மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதீர்கள்.