இரண்டு டிக்கெட்டுக்கு நடுவே ஒரு நூல்

டிக்கெட் எடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் அக்கா. அவளுக்கு எதிரே, மடிக்கணினியும் கையுமாக, சோபாவின் கைப்பிடி மேல் தம்பி. சோபா காலியாகவே கிடந்தாலும் அவன் கைப்பிடியில்தான் உட்காருவான். சோபாவில் தம்பி மனைவி, காலடியில் ஒரு பெரிய பொட்டலம். வாசலருகே முக்காலியில் அக்காவின் கணவர், ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடி, எந்நேரமும் எழுந்து போகத் தயாராக. ஐந்தாவது ஆள் கடல் தாண்டிய ஊரில் இருந்தாள். மேஜையில் தண்ணீர்க் கூஜாவின் மேல் சாய்த்து வைத்த கைப்பேசிக்குள் அவள் முகம் பாதி தெரிந்தது. தங்கை.

அக்காவுக்குக் குடிநீர் வாரிய அலுவலகத்தில் தபால் பிரிவு. வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றுக்கும் எண் போட்டு, நேரம் குறித்து, முத்திரை குத்துகிற வேலை. இருபத்தொன்பது வருடமாக அதே மேஜை. 'முத்திரை' என்ற பட்டப்பெயர் அலுவலகத்தில் பிறந்து வீடு வரை வந்துவிட்டது. தம்பிக்குப் பட்டப்பெயர் 'ரூட்டு'. எந்த இடத்துக்கும் குறுக்குவழி சொல்வான். பாதி சமயம் அந்த வழியின் முடிவில் சுவர் இருக்கும்.

தங்கை ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அம்மா படுக்கையில் விழுந்த வருடம் இரண்டு பெண்களில் ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டியிருந்தது. அக்காவுக்கு அப்போதுதான் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. "நீ போக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள் சின்னவள். அவ்வளவுதான் பேச்சு. பிறகு வெளிநாட்டுக்குப் போய், ஓர் ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் தரை துடைத்தாள். துடைத்துக்கொண்டே விட்ட இடத்திலிருந்து படித்தாள். இப்போது நாற்பத்து நான்கு வயதில் பிரசவம் பார்க்கும் நர்ஸாகத் தேறிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லூரி மண்டபத்தில் சட்டைக் காலரில் நர்ஸுக்கான பேட்ஜ் வில்லை குத்துவார்கள். குத்துவதற்கு வீட்டு ஆள் ஒருவர் வரலாம்.

"ஃபாரத்துல ஒரே ஒரு கட்டம்தான்க்கா இருந்துது. உன் பேரை எழுதிட்டேன். நீ வரலைன்னா பிரின்சிபல் குத்துவாங்களாம்" என்றாள் தங்கை.

"பிரின்சிபலுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். நான் வரேன்" என்றாள் அக்கா.

தம்பி தொண்டையைச் செருமினான். "ஒரே டிக்கெட்டா எடுத்தா நடுவுல பதினோரு மணி நேரம் காத்துக் கெடக்கணும்க்கா. அதான் ரெண்டா எடுத்துட்டேன். வியாழக்கிழமை காலை ஆறுக்கு ஒரு விமானம், பத்துக்கு இறங்கிடுவே. பன்னெண்டு பத்துக்கு வேற கம்பெனி விமானம். மத்தியானம் மூணுக்கு அங்க. பஸ் மாறிப் போற மாதிரிதான்."

"எடுத்துட்டியா, எடுக்கப் போறியா?"

"தட்டியாச்சு. இனி மாத்தவும் முடியாது. எப்படி என் வேகம்?"

"சுவத்தைக் கண்டுபிடிச்சிட்டான்" என்றார் முக்காலியில் இருந்தவர்.

"மாமா, நீங்க செருப்பை மாட்டிக்கிட்டு எங்க போகணுமோ போங்க."

அக்கா கையை நீட்டினாள். அச்செடுத்த இரண்டு தாள்களையும் வாங்கி, கண்ணாடியை மாட்டி, அலுவலகக் காகிதம் படிப்பதைப்போல மேலிருந்து கீழாகப் படித்தாள். இதில் ஓர் எண், அதில் ஓர் எண். ஒன்றில் மற்றதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"டேய், இது ரெண்டு தனித்தனி கோப்பு. இதுக்கு அதைத் தெரியாது, அதுக்கு இதைத் தெரியாது."

"ரெண்டுலயும் உன் பேருதானேக்கா இருக்கு?"

"ஆபீஸ்ல ஒரே ஆளு பேர்ல நாப்பது கோப்பு கெடக்கு. ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு அழவா போகுது?"

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு கம்பெனிக்கும் போன் போட்டாள். பேசியவரின் பணியாளர் எண், நேரம், சொன்ன பதில், எல்லாம் ஒரு தாளில் ஏறின. முதல் கம்பெனி சொன்னது: விமானம் மாறும் நடு ஊரில் இறக்கிவிடுவதோடு எங்கள் வேலை முடிந்தது. இரண்டாவது சொன்னது: நேரத்துக்கு வராவிட்டால் 'வரவில்லை' என்று குறிப்போம், அப்போது திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்ந்து ரத்தாகும். பெட்டியை யாரும் இதிலிருந்து அதற்கு மாற்ற மாட்டார்கள். அவளே வெளியே போய் எடுத்து மறுபடி போட வேண்டும். வெளியே போக அந்த நாட்டு விசா வேண்டும். அது அவளிடம் இல்லை.

"அப்ப பெட்டியே கெடையாது. கைப்பை மட்டும்" என்றாள் வீட்டுக்கு வந்து.

தம்பி மனைவி பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அண்ணி, எல்லாம் கம்பளிச் சட்டைங்க. அவளுக்குன்னு நாலு மாசமா பின்னினேன்."

"அவ்வளவும் வராதும்மா. ஒண்ணே ஒண்ணு எடு. அதை நான் உடம்புல போட்டுக்கிட்டுப் போறேன்."

தம்பிக்கு முகம் தொங்கிவிட்டது. "இவ்வளவு வில்லங்கம் இருக்கும்னு தெரியாதுக்கா. ரெண்டையும் ஒண்ணா கட்டிப் போட வழியே இல்லையா?"

"இல்லடா. நடுவுல நான்தான் நூலா நிக்கணும்" என்றாள் அக்கா. மேஜை இழுப்பறையிலிருந்து கோப்பு கட்டும் பச்சை நூல் ஒன்றை எடுத்து இரண்டு தாளையும் சேர்த்துக் கட்டினாள். கட்டின் கீழே வெற்றுத்தாள் ஐந்து.

வியாழன் காலை ஐந்தே முக்காலுக்கு, விமான நிலையத்தில் அறிவித்தார்கள்: இயந்திரக் கோளாறு, ஒன்பதரைக்குத்தான் கிளம்பும். அதாவது அவள் இறங்கும்போது மணி ஒன்றரை. பன்னிரண்டு பத்து அதற்குள் பறந்து போயிருக்கும்.

அவளைப் போலவே தனித்தனி டிக்கெட்டுக்காரர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். எல்லோரும் கவுண்டரில் மொய்த்துக்கொண்டு கத்தினார்கள். அக்கா கூட்டம் கரையும்வரை நின்று, பிறகு போனாள்.

"அம்மா, அடுத்த விமானம் எங்க பொறுப்பு இல்ல" என்றான் கவுண்டர்க்காரன், அவள் வாயைத் திறக்கும் முன்பே.

"தெரியும் தம்பி. உங்க பேர்ல நான் குறை சொல்ல வரல. இந்த விமானம் எதனால, எவ்வளவு நேரம் தாமதம்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் குடுங்க."

"முத்திரையெல்லாம் எங்ககிட்ட கெடையாதும்மா."

அக்கா அவன் முழங்கைக்குப் பக்கத்தில் பார்த்தாள். "அந்த நீலப் பிடி போட்டது என்ன? பென்சில் சீவறதா?"

அவன் சிரித்துவிட்டான். எழுதினான், குத்தினான். முத்திரை மங்கலாக விழுந்தது.

"மையில இன்னொரு அழுத்து அழுத்துங்க. தேதி தெரியல."

இரண்டாவது தடவை பளிச்சென்று விழுந்தது.

ஆறு நாற்பதுக்கு இரண்டாவது கம்பெனியைப் போனில் பிடித்தாள்.

"மாத்த முடியாத டிக்கெட்டுங்க இது" என்றது ஒரு பெண் குரல்.

"மாத்தச் சொல்லலம்மா. நான் கெளம்பிட்டேன், முன்னாடி விமானம் தாமதம், அதனால வந்து சேர நேரமாகும்னு உங்க கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணுங்க. பதிவு பண்ண எண்ணைச் சொல்லுங்க."

"அதனால சீட்டு கெடைக்கும்னு சொல்ல முடியாது."

"பரவாயில்ல. எண்."

எண் கிடைத்தது. வெற்றுத்தாளில் ஏறியது. பச்சை நூலுக்குள் போனது.

நடு ஊரில் இறங்கி, இரண்டாவது கம்பெனியின் உள் கவுண்டரை அவள் கண்டுபிடித்தபோது மணி இரண்டு. அங்கேயும் காலையில் கத்திய அதே கூட்டம். ஒருவர் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவரின் பெட்டிகள் வெளியே, ஆள் உள்ளே. கவுண்டரில் இருந்த பெண்மணி கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்காவின் முறை வந்தது. பச்சை நூல் போட்ட காகிதக் கட்டை எடுத்து வைத்தாள்: மேலே பயணச்சீட்டு இரண்டு, கீழே தாமதச் சான்று, அதன் கீழே பதிவு எண், கடைசியில் வெள்ளிக்கிழமை விழாவுக்குக் கல்லூரி அனுப்பிய அழைப்பிதழ். அழைப்பிதழில் தங்கையின் பேருக்குக் கீழே அவள் பேர்.

அந்தப் பெண்மணி கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள்.

"இதை யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்லம்மா. நானும் ஒரு மேஜைக்குப் பின்னாடி உக்காந்திருக்கறவதான்."

"தட்டறவங்களுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது. மேல கேக்கணும்னா கையில காகிதம் வேணும். முன்கூட்டியே சொல்லியிருக்கீங்க, அதனால 'வரவில்லை'ன்னு விழல. இருங்க, கேட்டுட்டு வரேன்."

கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. அக்கா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினெட்டு நிமிடம். அந்தப் பதினெட்டு நிமிடத்தில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களைத் தங்கை பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்தது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

கதவு திறந்தது.

"இன்னைக்கு எல்லாம் நெறஞ்சாச்சு. நாளைக்குக் காலைல அஞ்சு அம்பதுக்கு ஒரே ஒரு சீட்டு, கடைசி வரிசை, கழிவறைக்குப் பக்கத்துல. எட்டு நாப்பதுக்கு இறங்கலாம். திரும்பற டிக்கெட்டும் அப்படியே நிக்குது. சரியா?"

"இறக்கை மேல உக்காரச் சொன்னாலும் சரி" என்றாள் அக்கா.

மறுநாள் கடல் தாண்டிய ஊரில், பெட்டிக்காகச் சுழல் பட்டையைச் சுற்றி நின்ற அத்தனை பேரையும் கடந்து, கைப்பையோடு முதல் ஆளாக வெளியே வந்தாள். அங்கிருந்து ரயில், ரயிலிலிருந்து இறங்கி ஓட்டம். ஐம்பத்து நான்கு வயதில் அப்படி ஓடியது அவளுக்கே புதிது. மண்டபத்தின் பின்கதவைத் தள்ளியபோது பத்து மணி ஏழு நிமிடம்.

மேடையில் தங்கை நின்றாள். பிரின்சிபல் தட்டிலிருந்து வில்லையைக் கையில் எடுத்துவிட்டார்.

"இருங்க! அது என் வேலை!"

மண்டபம் முழுக்கத் திரும்பியது. கசங்கிய கம்பளியும் கலைந்த தலையுமாக நடுவழியில் நடந்து வந்தவளைப் பார்த்து முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். மேடை ஏறும்முன் கூட்டம் முழுவதும் தட்டியது. பிரின்சிபல் சிரித்துக்கொண்டே வில்லையை அவள் கையில் கொடுத்தார்.

இருபத்தொன்பது வருடம் நேராக முத்திரை குத்திய கையால் காலரைப் பிடித்து வில்லையைக் குத்தினாள்.

"கோணலா குத்திட்டியேக்கா" என்றாள் தங்கை, கண்ணைத் துடைக்காமல்.

"நேரா குத்தறதெல்லாம் ஆபீஸுக்கு. ஆடாம நில்லு, மேலேருந்து அம்மாவுக்குத் தெரியட்டும்."

சாயங்காலம் தங்கையின் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அக்கா கடிதம் எழுதினாள். நடந்தது நடந்தபடி, நேரம் போட்டு. கடைசியில்: "தம்பிக்கு. உன்மேல் கோபம் இல்லை. அடுத்த முறை ஒரே டிக்கெட், ஒரே எண். பதினொரு மணி நேரம் நான் காத்திருந்துகொள்கிறேன். இதைப் பிரித்ததும் எல்லோரும் அன்று உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, நீ உரக்கப் படிக்க வேண்டும். உன் மாமா இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும். ஒரு கம்பளி வந்து சேர்ந்தது என்று உன் மனைவியிடம் சொல்."

கீழே தங்கை ஒரு வரி சேர்த்தாள்: "அண்ணா, உன் ரூட்டு கரெக்டுதான். அக்கா வந்து சேர்ந்துட்டா."

அக்கா தாளை மூன்றாக மடித்து உறையிலிட்டாள். பச்சை நூலையும் உள்ளே போட்டாள். தங்கை ஓரத்தை நனைத்து ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். இருவரும் தெருமுனைப் பெட்டி வரை நடந்தார்கள். மணி ஐந்து இருபது என்று உறையின் பின்பக்கம் குறித்துவிட்டு, அக்கா கடிதத்தை உள்ளே போட்டாள்.