ஜான்சியை அயர்லாந்துக்கு அனுப்பியது நான்தான்

1

இந்தக் கதைக்கு மூல காரணம் ஒரு ஜோடிச் செருப்பு. மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். 2003, மழைக்காலம். புனே கேம்ப் கடைத்தெருவில் புதுச் செருப்பைப் போட்டுப் பார்த்தவள், வெளிச்சத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கடைப்படி இறங்கினேன். வழுக்கிற்று. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கவைத்தார்கள். கணவர் ஸ்ரீவத்சன், மடிக்கணினியையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் தலைமாட்டில் வைத்துவிட்டு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய்விட்டார்.

சென்னையில் நான் எழுதிக்கொண்டிருந்த வார இதழின் ஆசிரியர் பாலச்சந்திரன் போன் செய்தார்.

"ஆஸ்பத்திரியிலயா இருக்கீங்க? ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார். "எந்தெந்த நாட்டுல நர்ஸுங்களுக்கு என்ன சம்பளம், என்ன வசதின்னு ஒப்பிட்டு ஒரு கட்டுரை கொடுங்க. கண்டிப்பா ஒரு கட்டம் போட்டுருங்க. கட்டம்னா வாசகர்களுக்குப் பிடிக்கும்."

அவர் கேட்டது கட்டுரை. உங்கள் கையில் இருப்பது கதை. தவறு என்னுடையதல்ல என்று சொல்லத்தான் ஆசை.

2

முதல் தொடக்கம்: 'வெண்ணிறத் தேவதைகளின் வியர்வைக்கு எந்த நாட்டில் என்ன விலை?'

(வேண்டாம். எழுதி முடிப்பதற்குள் எனக்கே கூச்சமாகிவிட்டது.)

இரண்டாம் தொடக்கம்: 'ஜான்சி ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்தாள். அவள் மனம் எங்கோ'

(மனம் எங்கேயும் போகவில்லை. என் கட்டிலுக்கடியில் உருண்ட மாத்திரைப் புட்டியைத் தேடிக்கொண்டிருந்தது. மழையைப் பார்த்தது நான்.)

மூன்றாம் தொடக்கம்: 'ஜான்சி நின்றாள்.'

இது உண்மை, அப்படியே விட்டுவிடுகிறேன். அந்த வார்டில் நர்ஸுகள் எல்லோரும் நின்றார்கள். டியூட்டி நேரத்தில் உட்காரக் கூடாது என்பது மேட்ரன் வனஜாவின் சட்டம். நர்ஸுகளின் மேஜையருகே ஒரு நாற்காலிகூடக் கிடையாது. குறிப்பெழுதுவதும் நின்றுகொண்டுதான், அவசரமாக டீயை விழுங்குவதும் நின்றுகொண்டுதான். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் வனஜாவின் ஷூ சத்தம் கேட்டால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்கள்.

ஜான்சி புனேயை ஒட்டிய தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா சவரிமுத்துவுக்கு அங்கே ராணுவத் தளவாடக் கிடங்கில் வேலை. ஜான்சிக்கு இருபத்தாறு வயது. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அதனால் நான் எழுதியதையெல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டவேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாகப் பாத்திரமே எடிட்டராகவும் வாய்த்தது. இனி யாருக்கும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

3

ஒப்பீட்டுக்கு மூன்று நாடுகள் சிரமமில்லாமல் கிடைத்தன.

இந்தியா: ஜான்சி. மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் வராவிட்டால் அதையும் அவளே பார்க்கவேண்டும். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

சவூதி: பாத்திமா. இதே வார்டில் ஜான்சியோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். தம்மாமில் இரண்டு வருடம் இருந்துவிட்டுக் கல்யாணத்துக்காகத் திரும்பியிருந்தாள். அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

"அங்க சம்பளம் இங்கத்ததைப் போல நாலு மடங்கு" என்றாள் பாத்திமா. "உக்கார சேர் உண்டு, சுழலும். ஆனா ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிருவாங்க. வாரத்துல ஒருநாள் பஸ்ஸுல ஏத்திக் கடைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அந்த பஸ் லேட்டானா அழுகையே வந்துரும்."

அயர்லாந்து: ஜோசபின். ஜான்சியின் பெரியப்பா மகள். டப்ளினிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள்.

"அவளோட ஒரு வாரச் சம்பளம், எனக்கு இங்க அரை வருஷச் சம்பளம் அக்கா" என்றாள் ஜான்சி. "பேஷண்டைத் தூக்க மெஷின் இருக்காம். டாக்டரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணுமாம். ஜோசி ஒரு மாசம் வாயே தொறக்கலை. 'பீட்டர்'னு சொல்ல வந்தா நாக்கு 'சார்'னுதான் சொல்லுதாம்."

"உனக்குப் போக ஆசையில்லையா?"

"நகோ, வேணாம் அக்கா. எனக்கு இந்த வார்டு பிடிச்சிருக்கு. நின்னுக்கிட்டே இருக்கறதுதான் பிடிக்கல."

(கட்டுரைக்கு இந்தப் பதில் உதவாது. பத்திரிகைக்கு ஏக்கம் வேண்டும். கட்டத்தில் ஏக்கத்துக்கு ஒரு வரிசையே ஒதுக்கி வைத்திருந்தேன்.)

4

மறுநாள் காலை பாத்திமா ஊசித் தட்டோடு என் கட்டிலைத் தாண்டிப் போனவள், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள். தட்டு தரையில் சிதறியது. ஜான்சி ஓடிவந்து, பார்வையாளர்களுக்காக என் கட்டிலருகே கிடந்த ஸ்டூலை இழுத்து அவளை உட்காரவைத்தாள்.

வனஜா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். புனேயிலேயே கட்கியில் பிறந்த தமிழ்க்காரர் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் வார்டில் மராத்தியைத் தவிர வேறொன்றும் பேச மாட்டார். பாத்திமாவின் நாடியைப் பார்த்தார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். முகத்தில் ரத்தம் திரும்பியதும், "எழுந்திரு, விசிட்டர்கள் வரும் நேரம்" என்றார். ஸ்டூலை எடுத்துக் கொடுத்ததற்காக ஜான்சிக்கு மெமோ.

எனக்கு ஆத்திரமாக வந்தது. கட்டுப் போட்ட காலோடு ஒருத்தி என்ன செய்ய முடியும்? எழுதினேன்.

'அயர்லாந்திலிருந்து வேலைக்கான அழைப்பு வந்த அன்று, ஜான்சி முதல் முறையாக நிமிர்ந்து பேசினாள்.'

மத்தியானம் மாத்திரை கொடுக்க வந்தவளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கையில் தண்ணீர் தம்ளரோடு நின்றுவிட்டாள்.

"அழைப்பு எப்போ வந்துச்சு?"

"வரலைம்மா. கதைக்காக."

"அப்புறம் நான் என்ன பேசுறேன்?"

"அதை இன்னும் எழுதலை."

"குர்சி கேளுங்க" என்றாள்.

"என்னது?"

"நாற்காலி அக்கா. கதையில நான் முதல்ல குர்சி கேக்குறேன். அப்புறம் டபுள் டியூட்டிக்குக் காசு. இந்த ஆர்டர்லதான் எழுதணும்."

எழுதினேன். பாத்திரங்கள் ஆசிரியனை மீறிச் செல்லும் என்று இலக்கியக் கூட்டங்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உவமைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

5

நான் டிஸ்சார்ஜ் ஆகும் அன்று ஜான்சி வந்து போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள்.

"அக்கா, நீங்க எழுதுனதை அப்படியே சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"பெரிய டாக்டர்கிட்ட. அயர்லாந்துலேர்ந்து ஆஃபர் வந்திருக்கு, போகப்போறேன், மத்த சிஸ்டருங்களும் யோசிக்கிறாங்க, இங்க உக்காரக்கூட இடமில்லைன்னு."

அந்த வருடம் புனேயில் எந்த ஆஸ்பத்திரி முதலாளிக்கும் 'அயர்லாந்து' என்ற சொல்லைக் கேட்டால் தூக்கம் போய்விடும். இந்த டாக்டர் ஏற்கனவே பல நர்ஸுகளை அப்படிப் பறிகொடுத்திருந்தார். மூன்றாம் நாளே வார்டுக்கு நாலு நாற்காலிகள் வந்து இறங்கின. டபுள் டியூட்டிக்குச் சம்பளம் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். பிசியோதெரபிக்காக அடுத்த வாரம் நான் போனபோது, பாத்திமா உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், பிறகு ஞாபகம் வந்தவளாய்ச் சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தாள்.

இங்கேயே முடித்திருக்கலாம். பாலச்சந்திரனும் அதைத்தான் சொன்னார்.

முடிக்க முடியவில்லை, ஏனென்றால் டாக்டர் நல்ல மனிதராக இருந்து தொலைத்தார். போகப்போகிற பெண்ணுக்கு வழியனுப்பு விழா வைக்கவேண்டும் என்று முடிவு செய்தார். அவள் இடத்துக்கு வேறொரு பெண்ணையும் பார்த்துவிட்டார்.

6

தேஹு ரோடு ஷேர் ஆட்டோவில் ஒரு சேதி ஏறிவிட்டால் காலனி முழுக்கச் சுற்றாமல் இறங்காது. சவரிமுத்து சேதி எட்டிய அன்று மாலையே மகளுக்குக் கம்பளி ஸ்வெட்டர் வாங்கிவந்தார். அது மட்டுமா, கிடங்கில் எல்லோருக்கும் ஜிலேபி.

ஜான்சி என் வீட்டுக்கு வந்தாள். சோபா நுனியில் உட்கார்ந்தாள்.

"நீங்கதானே எழுதுனீங்க. நீங்களே முடிச்சுக் குடுங்க."

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

(அ) உண்மையைச் சொல்லிவிடு.

"வேலை போயிரும். அதுகூடப் பரவால்லை. குர்சியைத் தூக்கிருவாங்க. பாத்திமாவுக்குப் பிரசவத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

(ஆ) வாய்ப்பு வந்தும் தாய்நாட்டிலேயே சேவை செய்யப்போவதாக அறிவி.

சிரிக்க ஆரம்பித்தவளுக்கு நிறுத்த முடியவில்லை. "எங்கப்பா ஸ்வெட்டர் வாங்கிட்டாரு அக்கா!"

(இ) பொய்யை மெய்யாக்கு. விண்ணப்பம் போடு, ஆங்கிலப் பரீட்சை எழுது, போ.

இதற்கு அவள் சிரிக்கவில்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் போறாங்கன்னு நானும் போகணுமா? இங்க இருந்துக்கிட்டே நல்லா இருக்கற மாதிரி உங்களுக்கு எழுத வராதா?"

உண்மையில் எனக்கு வரவில்லை. பல தாள்கள் கிழித்தேன். 'ஜான்சி இங்கேயே' என்று தொடங்கிய வாக்கியங்கள் எல்லாம் அந்த இடத்திலேயே நின்றன. ஒன்றைக்கூட என்னால் முடிக்க முடியவில்லை.

7

வழியனுப்பு விழாவுக்கு நானும் ஊன்றுகோலோடு போயிருந்தேன். விமானப் படம் போட்ட கேக். டாக்டர் பேசினார், கை தட்டினார்கள். ஜான்சி அழுதாள். பிரிவுத் துயரம் என்று டாக்டர் நினைத்துக்கொண்டு அவள் தோளைத் தட்டினார். கத்தியை அவள் கையில் எடுத்ததும் வனஜா அருகே வந்து, "ஒரு நிமிஷம்" என்று மராத்தியில் சொல்லி, துணி அடுக்கும் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

அந்த அறைக்குள் நான் இல்லை. ஜான்சி பிறகு சொன்னதை எழுதுகிறேன்.

(இதற்கு முன்பு நான் வனஜாவைக் கல்நெஞ்சக்காரியாக மூன்று பத்தி வர்ணித்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. 'இரும்பு ஊசி போன்ற பார்வை' என்றெல்லாம். அடித்துவிட்டேன்.)

வனஜா போர்வைக் கட்டின் மேல் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து ஜான்சி அதுவரை பார்த்ததே இல்லை. புடவையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். நரம்புகள் நீலமாகப் புடைத்துச் சுருண்டிருந்தன.

"உன்னை அனுப்புற அந்த ஏஜென்ட் நம்பர் எனக்கும் குடுடி" என்றார், தமிழில்.

ஜான்சி அவர் முகத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கென்ன வயசாயிருச்சுன்னு பாக்குறியா? எக்ஸ்பீரியன்ஸ் இருந்தா எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். இத்தனை வருஷத்துல இந்த வார்டுல நான் ஒருதரம்கூட உக்காந்ததில்ல. நான் உக்காந்தா நீங்கல்லாம் உக்காருவீங்க. டாக்டரோட அப்பா காலத்துல அதுக்கு வேலையே போகும்."

"மேடம்."

"என்ன?"

"அயர்லாந்தே இல்ல மேடம்."

வனஜா புரியாமல் பார்த்தார். ஜான்சி எல்லாவற்றையும் கொட்டினாள்: என் கட்டில், என் வாக்கியம், குர்சி, ஸ்வெட்டர், ஜிலேபி. முழுக்கக் கேட்டுவிட்டு வனஜா கேட்டது ஒன்றுதான்.

"அப்ப அந்த கேக்?"

"கேக் நிஜம் மேடம்."

மேட்ரன் வனஜா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கதவுக்கு வெளியே நின்ற நான் யாரோ அழுவதாக நினைத்தேன். சிரித்து ஓய்ந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போய்க் கேக்கை வெட்டு. விசா லேட்டாகும், அதுவரைக்கும் நீ இங்கதான் இருப்பேன்னு நான் டாக்டர்கிட்ட சொல்லிக்கறேன். லேட்டாகுற மாதிரி நாம முதல்ல அப்ளை பண்ணணும் இல்ல?"

"நாமளா?"

"பின்ன? நான் மட்டும் தனியாப் போய் அந்தச் சின்னப் பசங்க கிளாஸ்ல உக்காரவா?"

8

கேம்பில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஆங்கிலப் பயிற்சி வகுப்பு. முன்வரிசையில் மேட்ரனும் அவர் மெமோ கொடுத்த நர்ஸும். 'உங்கள் ஊரின் வானிலையை வர்ணிக்கவும்' என்றால் வனஜா நோயாளியின் காய்ச்சலைக் குறிப்பதுபோல் எழுதினார் என்றும், ஆசிரியர் திருத்தினால் அவரையே முறைத்தார் என்றும் ஜான்சி போனில் சொல்வாள். பாத்திமாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பரீட்சைக்கு முதல்நாள் இருவரும் அதைத்தான் பார்க்கப் போயிருந்தார்களாம், படிப்பதை விட்டுவிட்டு.

ஜான்சிக்கு இப்போது போக ஆசையா என்று ஒருமுறை கேட்டேன். "கிளாஸுக்குப் போக ஆசையா இருக்கு" என்றாள். அவளிடமிருந்து இதற்கு மேல் எதுவும் வாங்க முடியவில்லை.

9

போன வாரம் போன் வந்தது.

"ரிசல்ட் வந்துருச்சு அக்கா. ரெண்டு பேருல ஒருத்தர் பாஸ். இன்டர்வியூவும் முடிஞ்சுது. டிக்கெட்டும் வந்துருச்சு. இந்தத் தரம் நிஜ டிக்கெட்டு."

"யாருக்கு?"

"சொல்ல மாட்டேன்."

"ஜான்சி!"

"சொன்னா எழுதிருவீங்க. ஒருத்தர் போறோம், ஒருத்தர் இருக்கோம். ரெண்டு பேருக்கும் சந்தோஷம், ரெண்டு பேருக்கும் அழுகை. அவ்வளவுதான். இது எங்களோடது அக்கா, இதை நீங்க எழுத வேணாம்."

வைத்துவிட்டாள்.

பாலச்சந்திரன் விடவில்லை. "ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டாத் தெரிஞ்சுருமே" என்கிறார். தெரியும். மேட்ரன் இருக்கிறாரா என்று கேட்டால் போதும். நம்பரை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். நான் கூப்பிடப்போவதில்லை.

யார் போயிருக்கவேண்டும் என்பதில் எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன்; நான் எழுதியபடி நடந்தது ஏற்கனவே போதும். நீங்கள் வேண்டுமானால் இரண்டு பெயர்களில் ஒன்றை விமானத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். மனதுக்குள்ளேயே ஏற்றுங்கள். வாய்விட்டுச் சொன்னால் ஜான்சிக்குக் கேட்டுவிடும். அப்புறம் அடுத்த கோரிக்கைப் பட்டியலோடு உங்கள் வீட்டு சோபா நுனியில் வந்து உட்காருவாள்.